ஒன்ராறியோ ஏரியில் தனிப்படகு எடுத்து மாப்பிள்ளையுடன் மீன்பிடிக்கப் போவது: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

ஸ்காபரோத் தம்பி எழுதியது:

வணக்கம். என் பெரியப்பாவின் மகனுக்குச் செப்டெம்பர் முதல் வாரத்தில் ரொறன்ரோவில் திருமணம். மாப்பிள்ளைத் தோழனாக நான் நிற்பதால், திருமணத்துக்கு முன் மச்சான்மாரும் நண்பர்களும் ஒன்றுகூடும் பச்சலர் பார்ட்டியை ஒழுங்குசெய்யும் பொறுப்பும் என்னிடமே வந்திருக்கிறது. அண்ணாவுக்கு இரவு விடுதியிலும் லிமோசினிலும் நாட்டமில்லை. அவர் பருத்தித்துறையில் பிறந்து ஒன்பது வயதுவரை அங்கே வளர்ந்தவர். விடியப்புறத்தில் அப்பப்பாவுடன் வள்ளத்தில் போய்க் கைத்தூண்டில் போட்டதைப் பற்றி இன்றும் ஆசையோடு பேசுவார். நூல் அறுத்த தழும்பு ஒன்று அவருடைய வலது சுட்டுவிரலில் இன்னும் இருக்கிறது. கனடாவுக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு தடவைகூட அவர் படகில் ஏறி மீன்பிடிக்கப் போனதில்லை. ஆகவே ஒன்ராறியோ ஏரியில் கப்டனுடன் சேர்த்துப் படகை வாடகைக்கு எடுத்து, சால்மன் பிடிக்க அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

நாங்கள் மொத்தம் 11 பேர். லண்டனிலிருந்து இரண்டு மச்சான்மாரும் பாரிஸிலிருந்து ஒருவரும் திருமணத்துக்கு ஒரு கிழமை முன்னதாகத்தான் வந்து சேர்வார்கள். மாப்பிள்ளையின் மாமா ஒருவருக்கு வயது 67. அவர் இங்கேயே வசிப்பவர். இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஆறு பேருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருவர் 780 டொலரும் மற்றவர் 950 டொலரும் கேட்டார்கள். விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. எந்தத் துறையிலிருந்து புறப்படுவது நல்லது, எந்த நாளைத் தெரிவுசெய்வது, 11 பேரை எப்படிப் பிரிப்பது, பியர் கொண்டுபோகலாமா, காலநிலை கெட்டால் கட்டிய பணம் என்னவாகும், பிடிக்கும் மீனை வீட்டில் சமைத்துச் சாப்பிடலாமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

தூண்டில்காரன் எழுதியது:

தம்பி, நல்ல எண்ணம். நான் பதினான்கு ஆண்டுகளாக இந்த ஏரியில் சால்மன் பிடிக்கிறேன். தொடக்க காலத்தில் வாடகைப் படகுகளில், இப்போது சொந்தச் சிறு படகில். முதலில் ஏரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாளும் துறையும் அதிலிருந்துதான் தீர்மானமாகின்றன.

நீங்கள் பிடிக்கப்போவது பெரும்பாலும் சினூக் சால்மன். இது இந்த ஏரிக்குரிய மீன் அல்ல. இங்கே இயற்கையாக வாழ்ந்த அத்திலாந்திக் சால்மன் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துபோனது; பசிபிக் கரையின் சால்மன் இனங்களை 1960களின் கடைசியிலிருந்து ஏரியில் விடத் தொடங்கினார்கள். ஏரியில் பெருகிக் கிடந்த ஏல்வைஃப் என்ற சிறு மீனைத் தின்று சினூக் இங்கே நன்றாக வளர்ந்தது. இருபது இறாத்தலைத் தாண்டிய மீன் இங்கே அதிசயமல்ல. இது குளிர்ந்த நீரை விரும்பும் மீன். கோடையில் மேல்நீர் இருபது பாகைக்கு மேல் சூடாகும்போது, பத்துப் பன்னிரண்டு பாகை செல்சியஸ் குளிர் இருக்கும் ஆழத்துக்கு அது இறங்கிவிடும். அந்தக் குளிர்நீர் எங்கே கிடக்கிறது என்பதைக் காற்றுத்தான் தீர்மானிக்கும்.

எங்கள் ஊரில் கச்சான் என்று சொல்லும் மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வீசினால், ரொறன்ரோப் பக்கக் கரையின் மேல்நீர் தெற்கே தள்ளப்பட்டு, அடியிலுள்ள குளிர்நீர் கரையோரமாக மேலே ஏறும். அப்போது மீன் கரைக்குக் கிட்டே வரும். படகு அதிக தூரம் ஓடவேண்டியதில்லை. கொண்டல் என்ற கிழக்குக் காற்று அடித்தால் எல்லாம் மாறிவிடும். சூடான நீர் கரையில் வந்து குவியும், மீன் ஆழத்துக்குப் போகும். அதோடு, ஏரி கிழக்கு மேற்காக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடப்பதால், கிழக்கிலிருந்து தடையின்றி உருண்டுவரும் அலை இந்த முனையில் மிகவும் பெரிதாக இருக்கும். நீங்கள் போகும் கிழமையில் கொண்டல் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். காற்றின் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உங்கள் மாமாவுக்கும் இது உடனே விளங்கும்.

பருவத்தைப் பார்த்தால், ஏப்ரல், மே மாதங்களில் மீன் ஏரியின் மேற்கு முனையிலும் நயாகராப் பக்கத்திலும் அதிகமாக நிற்கும். அப்போது சென்ற் கத்தரின்ஸில் இருக்கும் போர்ட் டல்ஹௌசித் துறை நல்லது. ஜூலையிலிருந்து ஸ்காபரோவின் பிளஃபர்ஸ் பார்க், மிசிசாகாவின் போர்ட் கிரெடிட், ஓக்வில்லின் புரொன்ரே ஆகிய துறைகளிலிருந்து போனாலே போதும். ஓகஸ்ட் கடைசியில் முதிர்ந்த மீன்கள் முட்டையிட ஆறுகளில் ஏறுவதற்காக ஆற்றுவாய்களின் முன்னே கூடும். அந்த நாட்களில் மிகப் பெரிய மீன் மாட்டும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஆற்றை நோக்கி வந்துவிட்ட மீன் இரையில் நாட்டம் குறைந்ததாக இருக்கும். தோல் கறுத்து, சதையின் சிவப்பும் வெளிறத் தொடங்கியிருக்கும். சாப்பாட்டுக்கென்றால் ஜூன், ஜூலையில் நடு ஏரியில் பிடிக்கும் வெள்ளி நிற மீன்தான் சிறந்தது. உங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் வேண்டுமென்றால் ஓகஸ்ட் கடைசியைத்தான் எடுக்கவேண்டும். ஆற்றுவாயில் மட்டும் சுற்றாமல் முதலில் வெளியே ஆழ்நீருக்குப் போகும்படி கப்டனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரத்தில் விட்டுக்கொடுக்கவேண்டாம். விடிவதற்கு முன் துறையை விட்டுப் புறப்படவேண்டும். இருட்டில் ஒளிரும் போலி இரைத் தகடுகளை இறக்கி, கிழக்கு வெளுக்கும் வரையுள்ள அந்த ஒன்றரை மணி நேரம்தான் மிகப் பெரிய மீன்கள் கடிக்கும் நேரம். வெயில் ஏறிய பிறகு சில நாட்களில் இரண்டு மணி நேரம் ஒன்றுமே அசையாது. ஆகவே முதல் தூண்டில் மாப்பிள்ளைக்கு என்று படகில் ஏறும் முன்பே எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுடைய ஒழுங்கையும் அப்போதே தீர்மானித்துவிட்டால், மீன் மாட்டும் நேரத்தில் யார் பிடிப்பது என்ற தடுமாற்றம் வராது.

தூண்டில் எறிந்துவிட்டுக் காத்திருக்கும் மீன்பிடி அல்ல இது என்பதையும் மற்றவர்களுக்குச் சொல்லி வையுங்கள். படகு நடைவேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். டவுன்ரிகர் என்ற சிறு பாரந்தூக்கியிலிருந்து பத்துப் பன்னிரண்டு இறாத்தல் ஈயக் குண்டு கம்பியில் இறங்கும்; தூண்டில் நூலை ஒரு கவ்வியால் அந்தக் குண்டோடு பொருத்தி அறுபது அடியிலோ நூறு அடியிலோ வைப்பார்கள். தடி வில்லாக வளைந்து நிற்கும். மீன் கடித்ததும் கவ்வி விட, தடி சட்டென்று நிமிர்ந்து அடுத்த கணமே தண்ணீரை நோக்கி மடியும். அந்தக் காட்சியைக் கண்ணால் காண்பதற்காகவே நான் பதினான்கு ஆண்டுகளாக விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்புகிறேன்.

நல்லூர்ப் பிள்ளை எழுதியது:

தம்பி, மேலே தூண்டில்கார அண்ணா சொன்னவற்றுக்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் நாள் பார்க்கும்போது ஏரியோடு சேர்த்து வீட்டையும் பார்க்கவேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் கணவரின் தம்பிக்கு இதேபோன்ற பயணத்தை ஒழுங்குசெய்தவள் நான். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமைக்குப் படகைப் பிடித்து, முற்பணமும் கட்டிவிட்டு, வீட்டில் சொன்னபோதுதான் நல்லூர்க் கந்தனுக்குக் கொடியேறிய பிறகு வரும் சனிக்கிழமை அது என்று மாமி சொன்னார். ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி 25 நாட்கள் திருவிழா. அந்த நாட்கள் முழுவதும் அந்த வீட்டில் மீன், இறைச்சி எதுவும் ஏறாது. கலியாண வீட்டுக்காரர் அந்த நேரத்தில் மீன் பிடிக்கப் போவதை மாமி மனம் ஒப்பி ஏற்கவில்லை. அவர் வருத்தப்பட்டது எனக்கும் நியாயமாகவே தோன்றியது. நாளை மாற்றினோம். உங்கள் பெரியம்மாவிடம் இப்போதே கேளுங்கள். திருவிழா ஒவ்வோர் ஆண்டும் ஒரே திகதியில் வருவதில்லை என்பதால் கலண்டரைப் பார்த்தே தீர்மானிக்கவேண்டும். வெள்ளிக்கிழமையையும் எடுக்கவேண்டாம்.

அடுத்தது பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்னுருக்கிய பிறகு மாப்பிள்ளையை வெளியே விடாத வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. தண்ணீரில் போவதற்கு நிச்சயமாக விடமாட்டார்கள். வெளிநாட்டு மச்சான்மார் வந்து சேர்வதற்கும் பொன்னுருக்குக்கும் இடையில் உங்களுக்கு இரண்டு மூன்று நாட்கள்தான் கிடைக்கும். அதற்குள் ஒரு நாள் படகுக்கு, ஒரு நாள் காற்றடித்தால் மாற்றுவதற்கு என்று இரண்டையும் ஒதுக்குங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன். எங்கள் கப்டன் அதிகாலை நான்கு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, காற்று இருபத்தைந்து நொட் (மணிக்குக் கடல் மைல்) என்றார். அவர் போகமறுத்தது சரியான முடிவு. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் முற்பணம் 300 டொலரைத் திருப்பித் தராமல், அடுத்த பருவத்தில் வந்து பயன்படுத்துங்கள் என்று சொன்னார். அடுத்த பருவத்தில் மாப்பிள்ளைக்குக் கைக்குழந்தை. லண்டனிலிருந்து வந்தவர்கள் எப்போதோ திரும்பிப் போய்விட்டார்கள். காலநிலையால் நின்றால் பணம் திரும்ப வருமா, அல்லது வேறு நாள்தான் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே இ-ட்ரான்ஸ்ஃபர் அனுப்புங்கள்.

எங்களுக்குக் கிடைத்த இரண்டாவது நாள் நல்ல நாள். ஆனாலும் மூன்று பேருக்குத் தலைசுற்றி வாந்தி வந்தது. முதல் நாள் இரவு கொத்துரொட்டியும் விஸ்கியுமாக விடிய விடிய விழித்திருந்துவிட்டு, உறக்கமில்லாமல் படகில் ஏறியவர்கள் அந்த மூவரும்தான். வாந்தியைத் தடுக்கும் கிராவோல் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. ஏறுவதற்கு அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு முன் போடவேண்டும். அது உறக்கத்தையும் தரும் என்பதால் வாகனம் ஓட்டுபவர் போடக்கூடாது. முன்னிரவு விருந்தை விட்டுவிட்டு, மீன்பிடித்துத் திரும்பிய பிறகு மத்தியானத்தில் வையுங்கள். படகில் சாப்பிட மட்டன் ரோல்ஸ், மாலு பணிஸ், சம்பல் வைத்த பாண் போன்று ஒரு கையால் பிடித்துச் சாப்பிடக்கூடியவை போதும். சோற்றுப் பார்சலை அவிழ்க்கும் நேரத்தில்தான் மீன் மாட்டும்.

ஓகஸ்ட் என்று நினைத்து மெல்லிய சேர்ட்டோடு போகவேண்டாம். விடியப்புறத்தில் நடு ஏரியில் காற்றுக் குளிராக இருக்கும். ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் தண்ணீரில் பட்டு முகத்தில் அடிக்கும். எங்கள் மாப்பிள்ளையின் கலியாணப் படங்களில், தொப்பி வைத்திருந்த நெற்றி ஒரு நிறமாகவும் கன்னம் வேறொரு நிறமாகவும் இருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். சன் ஸ்கிரீனை அவருடைய முகத்தில் நீங்களே பூசிவிடுங்கள்.

மிசிசாகாவாசி எழுதியது:

விலை, பியர் ஆகிய இரண்டையும் பற்றி யாரும் இன்னும் சொல்லாததால் எழுதுகிறேன்.

780 டொலர், 950 டொலர் என்ற இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. 13 சதவீத விற்பனை வரி (எச்.எஸ்.ரி.) அதற்குள் அடங்குகிறதா, மீனைத் துப்புரவாக்கி வெட்டித் தருவதற்குத் தனிக் கட்டணமா, ஆறு மணி நேரம் என்பது துறையிலிருந்து துறைக்கா அல்லது தூண்டில் தண்ணீரில் இறங்கிய நேரத்திலிருந்தா, கப்டனோடு உதவியாளர் ஒருவர் வருகிறாரா என்று இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். உதவியாளர் இருப்பது உங்களைப் போன்ற புதியவர்களுக்கு மிகவும் முக்கியம். கப்டன் ஒருவரே படகையும் ஓட்டி, தூண்டிலையும் இறக்கி, வலையையும் பிடித்தால், இரண்டு மீன் ஒரே நேரத்தில் மாட்டும்போது நூல்கள் சிக்கிப் பாதி நேரம் சிக்கெடுப்பதிலேயே போய்விடும். கூடுதலான விலை சொன்னவரிடம் உதவியாளர் இருந்தால் நான் அவரைத்தான் எடுப்பேன். பயணம் முடிந்ததும் 15 முதல் 20 சதவீதம் அன்பளிப்புக் கொடுப்பது இங்கே வழக்கம். அதையும் சேர்த்து ஆளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, பயணத்துக்கு முன்பே எல்லோரிடமும் வாங்கிவிடுங்கள். மாப்பிள்ளையிடம் வாங்கவேண்டாம்.

இன்னொன்றையும் தயங்காமல் கேளுங்கள். படகின் வர்த்தகப் பதிவு, கப்டனின் சான்றிதழ், பயணிகளுக்கான காப்புறுதி ஆகியவற்றைக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர் இதைக் குறையாக எடுக்கமாட்டார். வார இறுதியில் தன் சொந்தப் படகில் காசுக்கு ஆட்களை ஏற்றுபவர்களும் இருக்கிறார்கள். விலை மிகவும் குறைவாக இருந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, உடம்புக்குப் பொருந்தும் அளவில், படகில் இருக்கவேண்டும். ஓகஸ்ட் மாதத்திலும் அந்த ஏரி விழுந்தவரை மன்னிக்காது. கச்சான் வீசிக் குளிர்நீர் மேலே ஏறிய நாளில், முதல் நாள் குளித்த அதே கரையில் கால் வைக்க முடியாத குளிர் இருக்கும்.

பியரைப் பற்றி: ஒன்ராறியோச் சட்டப்படி, ஓடும் படகில் மது அருந்த முடியாது. நிரந்தரமான படுக்கை வசதி, சமையல் வசதி, கழிப்பறை ஆகிய மூன்றும் படகில் இருக்கவேண்டும். அதோடு அந்தப் படகு நங்கூரமிட்டோ துறையில் கட்டியோ நிற்கவேண்டும். அப்போதுதான் அதில் குடிக்கலாம். சால்மன் பிடிக்கும் படகு ஓடிக்கொண்டே இருப்பது என்பதால் அதில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. மதுபோதையில் படகோட்டுவது காரோட்டும் அனுமதிப்பத்திரத்தையும் பாதிக்கும். சில கப்டன்கள் கண்டும் காணாமலும் விடுவார்கள் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். அப்படி விடுபவரை நான் நம்பமாட்டேன். பயணியின் பியர்ப் போத்தலில் சட்டத்தை வளைப்பவர் காற்றைப் பார்ப்பதிலும் அப்படித்தான் இருப்பார். இதை அண்ணனின் நண்பர்களிடம் முன்கூட்டியே தெளிவாகச் சொல்லுங்கள். விடியப்புறம் ஐந்து மணிக்குத் துறையில் வைத்துச் சொன்னால் அங்கே வாக்குவாதம் வரும்.

மீன்பிடி அனுமதிப்பத்திரம் ஆளுக்கொன்று வேண்டும். படகு வாடகையில் அது அடங்காது. ஒன்ராறியோவில் வசிப்பவர்களில் 18 முதல் 64 வயதுக்குட்பட்ட அனைவரும் எடுக்கவேண்டும். 67 வயதான மாமாவுக்குத் தேவையில்லை. வயதைக் காட்டும் அரச அடையாள அட்டையை மட்டும் அவர் வைத்திருக்கவேண்டும். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருபவர்கள் வெளிநாட்டவருக்கான அனுமதிப்பத்திரத்தை எடுக்கவேண்டும். ஒரு நாளுக்கு மட்டுமானதும் இருக்கிறது. இணையத்தில் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். நாள் மாறக்கூடும் என்பதால், கப்டன் முதல் நாள் மாலை உறுதிசெய்த பிறகு ஒரு நாள் அனுமதியை வாங்குவது நல்லது.

ஸ்காபரோத் தம்பி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, நீங்கள் சொன்னபடி பெரியம்மாவிடம் கேட்டேன். தீர்த்தத் திருவிழா முடிந்த பிறகு வரும் சனிக்கிழமைக்கு அவருக்குச் சம்மதம்; பொன்னுருக்கு அதற்கு அடுத்த புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமையை மாற்று நாளாக வைத்திருக்கிறேன். 950 டொலர் கேட்டவரிடம் உதவியாளர் இருக்கிறார். வரியும் மீன் வெட்டும் கூலியும் அதற்குள் அடங்கும் என்றும், காலநிலையால் நின்றால் முழுப் பணமும் திரும்பும் என்றும் மின்னஞ்சலில் எழுதித் தந்துவிட்டார். அவருக்குப் பக்கத்துப் படகுக்காரரும் அவருடைய நண்பர்தான் என்பதால் இரண்டாவது படகையும் அதே துறையில் ஒழுங்குசெய்ய முடியும்.

இப்போது எனக்கு இரண்டு தயக்கங்கள். ஒரு படகில் ஆறு பேர் என்றால், மாப்பிள்ளையுடன் யாரை ஏற்றுவது? மாமாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது. ஆனால் தானும் வரவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். பிடித்த மீனை என்ன செய்வது என்பதையும் தூண்டில்கார அண்ணா சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

தூண்டில்காரன் எழுதியது:

மாமாவை மாப்பிள்ளையின் படகிலேயே ஏற்றுங்கள். நடுவில் படகு மாற முடியாது. ஐந்தாறு மணி நேரம் அந்த ஆறு பேரும்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறார்கள். ஊரில் கடலுக்குப் போனதைப் பற்றி மாப்பிள்ளையோடு பேசக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருப்பது, பள்ளிக்கூட நண்பர்கள் ஐந்து பேர் இருப்பதைவிட அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன். லண்டன், பாரிஸ் மச்சான்மார் மூவரையும் அதே படகில் ஏற்றுங்கள், ஏனென்றால் இங்கே இருப்பவர்கள் அடுத்த ஆண்டும் அவரோடு போகலாம். நீங்கள் மற்றப் படகில் ஏறினாலும் பரவாயில்லை. ஒழுங்குசெய்பவர் ஒருவர் அங்கேயும் வேண்டும். முழங்கால் வலிக்கு, துறைமேடையிலிருந்து படகுக்குள் கால் வைக்கும் இடம் எவ்வளவு உயரம் என்று கப்டனிடம் கேட்டு, முதுகு சாய்க்கும் இருக்கை ஒன்றை மாமாவுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். பெரிய மீன் மாட்டினால் அவர் உட்கார்ந்தபடியே தடியைப் பிடிக்கலாம். அதில் குறை ஒன்றுமில்லை.

மீனைப் பற்றிச் சொல்கிறேன். சால்மனும் ட்ரவுட்டும் சேர்த்து நாளொன்றுக்கு ஆளுக்கு ஐந்து வரை வைத்திருக்கலாம். குறைந்த பிடிக்கான அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கு இரண்டுதான். ஆனால் இருபது இறாத்தல் மீன் நான்கு கிடைத்தால் 11 பேரின் வீடுகளுக்கும் அதுவே மிகுதி. போதுமான அளவு பிடித்ததும் தூண்டில்களை ஏற்றிவிடும்படி கப்டனிடம் சொல்லுங்கள். பிடித்துப் பிடித்து விட்டுவிடலாம் என்று நினைக்கவேண்டாம். ஆழத்தின் குளிர்நீரிலிருந்து சூடான மேல்நீருக்கு நெடுநேரம் போராடி வந்த சினூக்கைத் திரும்ப விட்டாலும், கோடையில் அது பிழைப்பது அரிது.

இந்த ஏரியின் பெரிய மீன்களின் கொழுப்பில் பி.சி.பி. போன்ற இரசாயனங்கள் சேர்ந்திருக்கும். எந்த நீளமுள்ள எந்த மீனை மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒன்ராறியோ அரசு இடவாரியாகப் பட்டியல் வெளியிடுகிறது. பிடித்த மீனின் நீளத்தை அளந்து அதில் பார்த்துவிட்டுச் சமையுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் கட்டுப்பாடு இன்னும் கடுமை. கலியாண வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே சட்டியில் பரிமாறுவதற்கு முன் இதைச் சொல்லிவிடவேண்டும். தோலையும், வயிற்றுப் பகுதிக் கொழுப்பையும், பக்கக் கோட்டை ஒட்டிய கறுப்புச் சதையையும் சீவி எறிந்தால் பெருமளவு கொழுப்புப் போய்விடும். ஆனால் இதை வீட்டுக்கு வந்த பிறகு செய்யவேண்டும். கொண்டுபோகும் வழியில் அதிகாரி மறித்தால் எந்த மீன், எத்தனை என்று அடையாளம் காணும்படி தோல் இருக்கவேண்டும். பெரிய குளிர்ப்பெட்டி இரண்டும் ஐஸ் நான்கு பையும் வாகனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பிடிப்பான மீன் என்பதால், பழப்புளி கூட்டி மிளகும் வெந்தயமும் போட்டுக் குழம்பு வைத்தால் நன்றாக இருக்கும். சொதிக்கு இது சரிவராது.

கடைசியாக ஒரு விடயம். அண்ணாவின் சுட்டுவிரலில் தழும்பு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். கைத்தூண்டிலில் பழகியவர்களுக்கு, மீன் இழுக்கும்போது நூலைக் கையால் பற்றவேண்டும் என்ற பழக்கம் எத்தனை ஆண்டானாலும் போகாது. இங்கே சில தூண்டில்களில் பின்னல் நூல் இருக்கும், சிலவற்றில் கம்பியே இருக்கும். இருபத்தைந்து இறாத்தல் சினூக் முதல் ஓட்டத்தில் நூறு மீற்றர் இழுத்துக்கொண்டு போகும்போது அதில் விரல் பட்டால் எலும்புவரை அறுக்கும். மீன் ஓடும்போது ஓடவிட்டு, நிற்கும்போது மட்டும் தடியை மெதுவாக மேலே தூக்கி, தாழ்த்திக்கொண்டே சுற்றவேண்டும். அடுத்த கிழமை அந்தக் கையால்தான் அவர் தாலி கட்டவேண்டும். நூலைத் தொடவேண்டாம் என்று படகில் ஏறும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.